சும்மா இருக்கிற விரல்

"இனி இருபது நிமிஷத்துக்குப் பேச்சு கிடையாது மைனி. பேசினா விரல்ல ரத்த ஓட்டம் மாறிப் போகும்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் லீலாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக அடுத்த மூச்சிலேயே வெட்கமாகவும் இருந்தது. அண்ணன் மனைவி வாயைத் திறக்க முடியாதபடி இருபது நிமிஷம் கிடைத்திருக்கிறது, அதற்கு ஆராய்ச்சியே காரணம் சொல்லித் தருகிறது, ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வேறு யாருக்கு வாய்க்கும். எப்சிபா மைனி போட்டோ ஸ்டுடியோவில் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி, இடது கையைச் சின்ன மெத்தைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவிரல் நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு கருவி ஒட்டியிருந்தது. அதிலிருந்து லேசர் ஒளி தோலுக்குள் ஒரு மயிரிழை ஆழம் போய், அங்கே இருக்கிற பொடிக் குழாய்களில் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பி, திரையில் சிவப்புக் கோடாக ஓடியது. அதற்குக் கீழே ஒரு நீலக் கோடு. அது லீலாவின் விரல். யாரைச் சோதித்தாலும் இன்னொரு கருவியைத் தன் விரலிலும் மாட்டிக்கொள்வது அவள் பழக்கம். கதவு படீரென்று அடித்தால், ஏசி திடீரென்று இரைந்தால், இரண்டு கோடும் சேர்ந்து விழும். அப்போது தெரிந்துவிடும், அது நோயாளியின் குற்றம் இல்லை, அறையின் குற்றம் என்று. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு. மாணவர்களுக்கு இதை வைத்து ஒரு வேடிக்கையும் காட்டுவாள். ஒருவனை உட்காரவைத்து, கோடு சீராக ஓடும்போது, "ஹாஸ்டல் சுவரேறிக் குதிச்சது யாரு?" என்று சட்டென்று கேட்பாள். அவன் முகம் கல்லாக இருக்கும். கோடு மட்டும் கிணற்றில் விழுந்த வாளிமாதிரி இறங்கும். மனசு சுருங்கினால் விரல் நுனித் தோலில் குழாயும் சுருங்கும் என்று அவள் சொல்ல, வகுப்பே சிரிக்கும். இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மைனி உட்காரும்போதே, "அந்த டிவியக் கொஞ்சம் எனக்கும் தெரியுத மாதிரி திருப்பி வையிட்டி, சும்மா இருந்தா தூங்கிருவேன்" என்று சொல்லியிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல லீலாவிடம் காரணம் இல்லை. திருப்பி வைத்தாள்.

லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. மூன்று மாடி ஏறி வந்த மைனி வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை மட்டும் முன்னால் அனுப்பினாள். மூச்சு பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. "வயசாயிட்டுல்லா" என்றாள். நாற்பத்தாறு ஒரு வயசா. போன வருஷம் கேரல்ஸ் போனபோது லாரியில் நின்றுகொண்டே தெருத்தெருவாக, விடியும் மட்டும் பாடிவிட்டு வந்து, காலையில் தோசையும் ஊற்றின ஆள். இந்த வருஷம் கேரல்ஸ் வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டாளாம், கோயில் பாடகர் குழுவில்கூடக் கடைசி வரிசைக்குப் போய் வாயை மட்டும் அசைக்கிறாளாம், அண்ணன் போனில் சொன்னான். மூச்சு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லீலாவின் எண்ணம் நுரையீரலுக்குப் போகப் பார்த்தது. போகாதே என்று இழுத்தாள். இழுத்து எங்கே கட்டுவது. மோதிரத்தில் கட்டினாள். மோதிரம் இன்னும் மோசம். சோதனைக்கு மோதிரம் கழற்ற வேண்டும். போன தடவை மைனி கல்யாண மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றி, "ஒங்க அண்ணன் பாத்தா அழுதுருவாவோ" என்று சிரித்துக்கொண்டே பர்சில் போட்டாள். இன்றைக்கு அது அசையவில்லை. விரல் தோல் மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் உப்பி, இழுத்துத் தைத்த தலையணை உறைமாதிரி பளபளத்தது. எண்ணெய் போட்டும் வரவில்லை. "தின்னு தின்னு தடிச்சிட்டேன்" என்றாள் மைனி. தின்று தடித்தால் தோல் பளபளக்காது என்று லீலாவுக்குத் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். லீலாவின் பிழைப்பே கைக்குக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதுதான். இன்றைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வேண்டியிருந்தது, அன்றைக்குக் கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டத்தான் செய்தது.

அன்றைக்கு என்றால் போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம். துறைமுகத்துப் பக்கம் இறால் உரிக்கிற கொட்டகைகளில் நாள் முழுக்க ஐஸில் கை வைத்து வேலை செய்கிற பெண்கள் விரல் வெளுத்து மரத்துப் போகிறார்கள், அவர்கள் தோலில் பொடிக் குழாய்கள் என்ன கதியில் இருக்கின்றன என்பது லீலாவின் ஆராய்ச்சி. அவர்களை ஒப்பிட்டுப் பார்க்க, ஐஸில் கை வைக்காத, சுகமான இருபது பெண்கள் வேண்டும். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். ஒரு ஆள் குறைகிறது என்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொன்னதற்கு, "நான் வாரேன், எனக்கு என்ன சீக்கு?" என்று மைனி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நகத்தின் அடியில் தோல் முடிகிற ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சுகமான விரலில் குழாய்கள், அட்டையில் குத்தி விற்கிற கொண்டை ஊசிகள்போல ஒரே அளவில் வரிசையாக நிற்கும். மைனியின் விரலில் அப்படி நிற்கவில்லை. ஊசிகள் வீங்கிப் பருத்திருந்தன. சிலது உடைந்து பக்கத்தில் சிவப்பாகக் கசிந்திருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இடம் கிடந்தது. அடுத்த விரல், அதற்கு அடுத்த விரல், எல்லாம் அதேதான். ஐஸ் கொட்டகைப் பெண்கள் ஒருத்திக்குக்கூட இந்த அளவு இல்லை. இது குளிரால் வந்தது இல்லை, தோல் இறுகுகிற நோய், தோலில் தொடங்கி உள்ளே போகிற நோய், புத்தகத்தில் படம் போட்டிருக்கிறானே அதே படம் என்று லீலாவுக்கு மூன்றாவது விரலிலேயே தெரிந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். மைனி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்கு எனக்கு?" என்றாள். "நல்லா இருக்கு மைனி. ஒங்க நகக்கண்ணு ரொம்ப அழகு." இதைச் சொன்ன வாய் இதே வாய். நகக்கண் அழகு என்று யார் அவளைச் சொல்லச் சொன்னது, நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாமே, பொய்யோடு ஒரு பூவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டுமா. திரையில் இப்போது நீலக் கோடு இறங்கியது. லீலா அவசரமாகத் துறைமுகத்துக் கிரேனை நினைத்தாள். ஜன்னல் வழியாகத் தெரிகிற மஞ்சள் கிரேன். உப்பளம். உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல். வெள்ளை விரல். கோடு இன்னும் இறங்கியது.

உடனே சொல்லாததற்குக் காரணங்கள் அன்றைக்கு இருந்தன, ஒன்றா இரண்டா, கிளியந்தட்டு விளையாடப் போதுமான ஆட்கள். எண்ணெயில் குமிழி விழுந்தால்கூட அப்படித் தெரியும் என்பது ஒன்று. அண்ணன் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிவு வருகிற சமயம், வீட்டில் கலக்கம் வேண்டாம் என்பது ஒன்று. நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லையே, ஆராய்ச்சி செய்கிறவள்தானே, இன்னொருத்தர் சொல்லவேண்டியதை நான் எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று, அதுதான் பார்க்கக் கண்ணியமாக இருந்தது. அத்தனைக்கும் பின்னால், வரிசைக் கடைசியில் குனிந்துகொண்டு ஒரு காரணம் நின்றது, அதை அவள் அன்றைக்கு நிமிர்த்திப் பார்க்கவில்லை. சுகமான இருபது பெண்களில் ஒருத்திக்கு ஐஸ்காரிகளைவிட மோசமாக இருந்தால் கணக்கு கெட்டுவிடும். ஐஸால்தான் கெடுகிறது என்று பளிச்சென்று எழுத முடியாது. மைனியை விலக்கினாள். அதற்கு ஒரு காரணம் எழுதவேண்டுமே, 'படம் தெளிவில்லை' என்று எழுதினாள். இருபது பேரில் மிகத் தெளிவான படம் அதுதான். மைனிக்குப் பதிலாக ஆபீஸ் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணின் கொண்டை ஊசிகள் சமர்த்தாக வரிசையில் நின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் இனிமேல் ஊரார் அவளைச் சொல்லலாம், பூசணிக்காய் என்றால் பரவாயில்லை, இது அவள் வீட்டு மனுஷி. கட்டுரை வெளிவந்தபோது துறைத் தலைவர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மைனி வீட்டில் பாயசம் வைத்தாள். "என் கையும் அந்தப் பொஸ்தகத்துல இருக்குல்லா?" என்று கேட்டாள். லீலா தலையை ஆட்டிவிட்டு, டம்ளரைத் தூக்கிக் குடித்தாள். முந்திரிப்பருப்பு இரண்டு அடியில் கிடந்தது, அதையும் விரலால் எடுத்துத் தின்றாள். தின்றது ஞாபகம் இருக்கிறது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தொண்டையில் சிக்கியிருக்கக் கூடாதா அந்தப் பருப்பு. சிக்கவில்லை, இனித்தது.

அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள், பரீட்சை முடிவு வந்தது, மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, மழை வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. ஒவ்வொன்றும் முடிகிறபோது, இப்போது சொன்னால் 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார்களே என்பது புதுக் காரணமாக வந்து சேர்ந்தது. பழைய சோறு புளிப்பதுபோல உண்மையும் வைக்க வைக்கப் புளிக்கும்போல. அதோடாவது போயிற்றா. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான், இன்னொரு தரம் சோதிக்கவேண்டும் என்று சொல்லி மைனியை இன்றைக்கு வரவழைத்திருந்தாள். ஆடி மாசம், காற்றடி காலத்தில், மைனியின் விரல் வெளுத்து, நீலமாகி, எரிகிறதென்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அந்த மனுஷன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய் ரத்தமும் நெஞ்சும் சோதித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மைனிதான் போகவில்லை. "எங்க நாத்தனாரே மைக்ராஸ்கோப்புல பாத்துட்டா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, இவரு சும்மா பயமுறுத்துதாரு" என்று திரும்பி வந்துவிட்டாள். ஆடியிலிருந்து இப்போது மார்கழி வரப் போகிறது. இது லீலா பேசாமல் இருந்ததால் வந்தது இல்லை, பேசியதால் வந்தது. ஒரு நல்ல டாக்டர் திறந்துவிட்ட கதவை அவளுடைய பொய் போய்ச் சாத்தியிருக்கிறது. நுரையீரலில் இறுகினால் இறுகினதுதான், அது திரும்ப இளகாது, மருந்து இருக்கிறது, மேற்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்தத்தான் மருந்து, போனதைத் திருப்பித் தர இல்லை. எவ்வளவு போயிருக்கும். மூன்று மாடிப் படியில் வாசலில் நின்ற அந்தச் சிரிப்பு அளவுக்குப் போயிருக்கும். சொல்லியிருந்தால் போயிருக்காதா? ஒருவேளை அப்போதும் போயிருக்குமோ? போயிருக்கும் என்று யாராவது சத்தியம் செய்து கொடுத்தால் அவள் காலில் விழத் தயார். அந்த ஆசைக்கும் வெட்கப்பட்டாள். மைனி எப்படியும் சாகக் கிடக்கட்டும், என்மேல் பழி வராமல் இருந்தால் போதும் என்பதுதானே அதற்கு அர்த்தம்.

மைனியின் சிவப்புக் கோடு தாழ்வாகத்தான் ஓடியது, ஆனால் ஆடாமல், கலங்காமல் ஓடியது. நம்பிக்கை என்றால் திரையில் இப்படித்தான் இருக்கும்போல. மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் பயம் இல்லை. மைனியின் அந்தக் கை லீலாவுக்கு நன்றாகத் தெரிந்த கை. அம்மா செத்துப் போன வருஷம் லீலா எட்டாம் வகுப்பு. தலை முழுக்கப் பேனும் சிக்குமாக இருந்தவளை, கல்யாணமாகி வந்த புதிதில் மைனிதான் சனிக்கிழமை சனிக்கிழமை பிடித்து உட்காரவைத்து, விளக்கெண்ணெய் காய்ச்சி உச்சியில் வைத்து, விரல் நுனியால் தேய்ப்பாள். நகம் படாது. "ஏட்டி ஆடாத, பேன் எனக்கு ஏறிரும்" என்று திட்டிக்கொண்டேதான் தேய்ப்பாள். அந்த விரல்களின் சூடு எண்ணெய்க்கு உள்ளே வந்து மண்டையில் இறங்கும், லீலாவுக்குத் தூக்கம் சொக்கும். இன்றைக்குக் கருவியை ஒட்டும்போது அந்த விரலைத் தொட்டாள். அடுப்படித் தண்ணீர்க் குழாயைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது. மேஜைமேல் சின்னத் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் தயாராக இருந்தது. இருபது நிமிஷம் ஆனதும் மணி அடிக்கும், மைனியின் கையை அதில் முக்கி, ரத்தம் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்று பார்க்கவேண்டும், அதுதான் முறை. அந்த விரலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கக் கூடாது, முக்கினால் நுனி கறுத்துப் போகக்கூட வாய்ப்பிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள். வழக்கப்படி எல்லாம் நடந்தால், எல்லாம் இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரிந்ததுபோல ஆக்கிவிடலாம். அடடா மைனி, இது புதுசா இருக்கே, போன தரம் இல்லையே என்று ஆச்சரியப்படலாம், நாளைக்கே மதுரைக்குக் கூட்டிப்போகலாம், மைனிக்கு வைத்தியமும் ஆகும், தன் பெயரும் கெடாது. யாருக்கு என்ன நஷ்டம். வரும்போதே ஆட்டோவில் இதை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள், எந்த இடத்தில் புருவத்தை உயர்த்தவேண்டும் என்பது உட்பட. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்போடு நின்றால் பரவாயில்லை, ஒத்திகையும் பார்க்கிறது.

"லீலா" என்றாள் மைனி.

"பேசக் கூடாது மைனி."

"தெரியும்ட்டி. ஒன் கோடு என்ன இப்பிடிக் குழிக்குள்ள விழுந்து கெடக்கு? நானும் அப்பலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஏறவே மாட்டேங்கு. ஒடம்புக்கு என்ன? காலைல சாப்பிட்டியா இல்லியா?"

'ஏசி காற்று மைனி' என்று சொல்ல லீலாவின் வாய் தயாராக இருந்தது. எவ்வளவு சுறுசுறுப்பான வாய், எப்போது கேட்டாலும் ஒன்று தயாராக வைத்திருக்கிறது. ஏசி காற்று என்றால் இரண்டு கோடும் சேர்ந்து விழவேண்டும், சிவப்பு விழவில்லை, இது அறையின் குற்றம் இல்லை. மைனிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காற்று என்றால் சரி என்பாள், எழுந்து ஏசியைக் குறைக்கக்கூடச் சொல்வாள், தனக்காக இல்லை, லீலாவுக்காக. மைனியோ உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் சேலைத் தலைப்பை வலது கையால் எடுத்து, லீலாவின் மணிக்கட்டில் போட்டு மூட வந்தாள். சாப்பிட்டியா என்ற அந்த ஒரு கேள்வி ஆட்டோ ஒத்திகை முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. லீலா தண்ணீர்த் தொட்டியைத் தள்ளி வைத்தாள்.

"மைனி, போன தரம் ஒங்க விரல் நல்லா இல்ல."

"எந்தத் தரம்?"

"ஈஸ்டர் கழிச்சு வந்தீங்கல்லா, அன்னைக்கு. நல்லா இருக்குன்னு சொன்னேன். பொய். அன்னைக்கே தெரிஞ்சிட்டு. ஒங்க படம் என் கணக்கைக் கெடுத்துரும்னு தூக்கிப் போட்டுட்டேன். ஒங்க கிட்டயும் சொல்லல, யாருகிட்டயும் சொல்லல." நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்ததால் நிறுத்தவில்லை. "இது கையோட நிக்கிற சீக்கு இல்ல மைனி. நெஞ்சைப் பாக்கணும். மாடி ஏறினா இழுக்குதுல்லா, அது வயசு இல்ல. அந்த டாக்டர் சொன்னது சரி. நாளைக்குக் காலைல மதுரைக்குப் போகணும், நானும் வாரேன். அண்ணன்ட்ட நானே சொல்லுதேன்."

மைனி தலைப்பைத் திரும்ப எடுத்துத் தன் மடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவினாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பாதிரியார் பிரசங்கம் கேட்கிற முகம்.

"அன்னைக்கே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"பாயசம் குடிச்ச அன்னைக்கும்?"

என்ன நோய், பிழைப்பேனா, மகளுக்கும் வருமா, இதையெல்லாம் மைனி கேட்பாள் என்றுதான் லீலா நினைத்திருந்தாள். "தெரியும் மைனி" என்றாள்.

"சரி" என்றாள் மைனி. சரி என்று சொன்ன அந்த நேரத்தில், இவ்வளவு நேரம் ஆடாமல் ஓடிய சிவப்புக் கோடு விழுந்தது. நோயைச் சொன்னபோது விழவில்லை, நெஞ்சு என்றபோது விழவில்லை, இதற்கு விழுந்தது. விழுந்து, அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. முகம் அப்படியேதான் இருந்தது, கை அப்படியேதான் மெத்தைமேல் மல்லாந்து கிடந்தது. அழிந்துபோன மருதாணிபோலக் கொஞ்சம் சிவந்திருந்த விரல் நுனி லீலாவின் கண் முன்னாலேயே மெழுகாக வெளுத்தது. அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துச் சூடு பண்ணவேண்டும் என்று நினைத்தாள், நினைத்தவளுக்குத் தன் விரல்களில் என்னமோ ஊர்வதுபோல இருந்தது. கதகதப்பு. எத்தனையோ மாசமாக இல்லாத கதகதப்பு, உள்ளங்கையிலிருந்து நுனிவரைக்கும் பரவி வந்தது. திரையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மைனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் கோடு ஏறிட்டு பாரு" என்றாள் மைனி, குரலில் கொஞ்சமும் கோபம் இல்லாமல்.

இருபது நிமிஷத்துக்கான மணி அடித்தது. லீலா தன் விரலிலிருந்த கருவியைப் பிடுங்கிவிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நீலக் கோடு பாதியில் அறுந்து நின்றது. சிவப்பு மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.